மலையகத்திலிருந்து தமிழ்நாட்டுக்குக் குழுவாகப் பல ஊர்ப் பயணம்: முழுமையான வழிகாட்டி

இலங்கையின் மலையகத்தில் எந்தத் தேயிலைத் தோட்டத்தில், எந்த டவுனில் கேட்டாலும் "ஒருதரமாவது இந்தியாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும்" என்று சொல்கிற ஓர் அம்மாவோ அப்பாவோ இருப்பார். பழனி, மதுரை, இராமேஸ்வரம் என்று கோயில்களைச் சொல்வார்கள். இன்னும் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் பாட்டன் பிறந்த ஊரின் பெயரும் வெளியே வரும். தனியாகப் போகப் பயம், செலவைத் தனியாகத் தாங்கவும் முடியாது. அதனால் பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து போகிறோம். அப்படிப் போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழுவில் மிக மெதுவாக நடக்கிறவர் யார், காகிதத்தில் அதிகச் சிக்கல் உள்ளவர் யார் என்று பாருங்கள். அந்த இரண்டு பேரையும் வைத்துத்தான் நாட்களையும் ஊர்களையும் முடிவு செய்யவேண்டும். இளைஞர்கள் போன் திரையில் பார்த்த இடங்களை வைத்து அட்டவணை போட்டால், மூன்றாம் நாளே பெரியவர்கள் "நாங்கள் ரூமிலேயே இருக்கிறோம், நீங்கள் போய் வாங்க" என்று உட்கார்ந்துவிடுவார்கள். யாருக்காகப் போகிறோமோ அவர்களே அறையில் இருந்தால் அந்தப் பயணத்துக்கு என்ன அர்த்தம்?

முதல் படி: ஆட்களை முடிவு செய்வது

12 பேர் நல்ல எண்ணிக்கை. தமிழ்நாட்டில் டெம்போ டிராவலர் என்று சொல்கிற வேன்கள் 12 இருக்கை, 17 இருக்கை என்று கிடைக்கின்றன. 12 பேர் என்றால் 17 இருக்கை வண்டி எடுத்து, மீதி இடத்தில் பைகளை வைக்கலாம். 18, 20 பேர் என்று கூடிவிட்டால் இரண்டாவது வண்டியோ மினி பஸ்ஸோ தேவைப்படும். சாப்பாட்டுக் கடையில் இடம் பிடிப்பதும் தனி வேலையாகிவிடும்.

முதல் கூட்டத்தைக் கோயில் மண்டபத்திலோ யாராவது வீட்டிலோ வையுங்கள். அந்தக் கூட்டத்தில் ஊர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். யார் வருகிறார்கள், யாருக்கு என்ன நோய், யாரால் படி ஏற முடியாது, யாருக்கு எத்தனை நாள் லீவு கிடைக்கும் என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். ஆசிரியர்களும் மற்ற அரசாங்க ஊழியர்களும் வெளிநாட்டு விடுமுறைக்கு முன்கூட்டியே அனுமதி எடுக்கவேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் சம்பளம் இல்லாத நாள். பயணச் செலவைக் கணக்குப் போடும்போது இந்த இழப்பையும் சேர்த்துப் பாருங்கள். "எட்டு நாள்தானே" என்று அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர் சொல்கிற எட்டு நாளும், கொழுந்து பறிக்கிற அக்காவின் எட்டு நாளும் ஒன்றல்ல.

இரண்டு பொறுப்புகளைப் பிரித்துக் கொடுங்கள். வழி நடத்துகிறவர் ஒருவர், காசுக் கணக்குப் பார்க்கிறவர் இன்னொருவர். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் அவருக்கும் பாரம், மற்றவர்களுக்கும் சந்தேகம்.

இரண்டாம் படி: காகிதங்கள்

மலையகத்தில் பயணம் தள்ளிப்போக முக்கியக் காரணம் இதுதான். அதனால் புறப்பட 5 மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள்.

பழைய ஆட்கள் பலருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பிள்ளைகளின் சான்றிதழில் தாய் பெயராக இன்னொரு பெயர். தோட்டத்து எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது, பிறகு சிங்களத்தில் பதிந்தது, அதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது என்று ஒரே பெயர் மூன்று விதமாக மாறியிருக்கும். ஒவ்வொருவரின் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பிறந்த திகதியையும் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு விண்ணப்பிக்கவேண்டும். சில இடங்களில் சமாதான நீதவான் முன் கையொப்பமிட்ட சத்தியக்கடதாசியும் கேட்பார்கள். பிறப்புப் பதிவே இல்லாத மூத்தவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கும் வழி இருக்கிறது. கிராம உத்தியோகத்தரிடம் பேச்சைத் தொடங்குங்கள்.

கடவுச்சீட்டுக்குத் தலைமை அலுவலகம் பத்தரமுல்லையில் இருக்கிறது. நமக்குக் கண்டியில் உள்ள கிளை அலுவலகம் கிட்ட. 2023ஆம் ஆண்டிலிருந்து இணையத்தில் விண்ணப்பித்து, தெரிவு செய்யப்பட்ட பிரதேச செயலகங்களில் கைரேகை கொடுக்கும் முறையும் வந்திருக்கிறது. வயதானவர்களைக் கொழும்புக்கு அலைக்கழிக்காமல் இருக்க அதைப் பயன்படுத்துங்கள். போட்டோவை அங்கீகரிக்கப்பட்ட ஸ்டூடியோவில்தான் எடுக்கவேண்டும், சும்மா எடுத்த படம் செல்லாது. பிள்ளைகளுக்குத் தாய், தகப்பன் இருவரின் சம்மதமும் தேவை. தகப்பன் கட்டாரிலோ தாய் குவைத்திலோ வேலையில் இருந்தால் அந்தச் சம்மதத்தை அங்கிருந்து எடுக்கவேண்டும். இதற்கு மட்டும் வாரக்கணக்கில் போகலாம்.

ஏற்கெனவே கடவுச்சீட்டு உள்ளவர்களிடம் "இருக்கிறது" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள், திறந்து பாருங்கள். இந்தியாவில் இறங்கும் நாளில் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாகவேண்டும், முத்திரை குத்த 2 வெற்றுப் பக்கமாவது இருக்கவேண்டும். பிள்ளைகளின் கடவுச்சீட்டு சீக்கிரம் காலாவதியாகும், அதை முதலில் பாருங்கள்.

மூன்றாம் படி: எந்த மாதம்

தமிழ்நாட்டுக்கு ஜனவரி நடுப்பகுதியிலிருந்து பெப்ரவரி முடியும்வரை மிக நல்லது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கே வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கொளுத்தும். நுவரெலியாக் குளிரில் இருந்து போகிற உடம்புக்கு மே மாத அக்னி நட்சத்திரம் தாங்காது. சித்திரைப் புத்தாண்டு லீவில் போகலாம் என்று பலர் ஆசைப்படுவார்கள். பெரியவர்கள் வருவதாக இருந்தால் அதை உறுதியாக மறுத்துவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் ஓகஸ்ட் லீவைப் பார்க்கலாம், வெயில் இருந்தாலும் சமாளிக்கலாம்.

திருவிழா நாட்களையும் கவனியுங்கள். தைப்பூசத்துக்குப் பழனியில் கால் வைக்க இடம் இருக்காது. ஆடி அமாவாசைக்கு இராமேஸ்வரத்தில் அறை கிடைப்பதே கஷ்டம். அந்த நாளில்தான் போகவேண்டும் என்று நேர்ந்துகொண்டவர்கள் போகட்டும். மற்றவர்கள் ஒரு வாரம் தள்ளிப் போனால் நிம்மதியாகக் கும்பிடலாம்.

நான்காம் படி: ஊர்களைத் தெரிவு செய்வது

எட்டு நாளில் சென்னை, காஞ்சிபுரம், திருவண்ணாமலை, திருச்சி, தஞ்சாவூர், மதுரை, பழனி, இராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று எழுதிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அத்தனை ஊரையும் ஓடித் தொட்டுவிடலாம், ஆனால் எந்த ஊரிலும் உட்கார முடியாது. எட்டு இரவுக்கு நான்கு ஊர் போதும். தங்கும் ஊர்கள் நான்கு, அங்கிருந்து பகலில் போய்த் திரும்பும் ஊர்கள் வேறு என்று பிரித்துப் பாருங்கள்.

மலையகக் குழுவுக்கு நான் சொல்லும் வழி, திருச்சியில் இறங்கி மதுரையில் ஏறுவது. கட்டுநாயக்கவிலிருந்து இரண்டு ஊர்களுக்கும் நேரடி விமானம் உண்டு, பறக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். ஹட்டனிலிருந்து கட்டுநாயக்க போகிற நேரத்தில் பாதிகூட இல்லை. சென்னையில் இறங்கினால் தெற்கே வருவதற்கே ஒரு பகல் முழுக்க ரோட்டில் போய்விடும். சென்னையில் சொந்தக்காரர்கள் இருந்தாலொழிய, முதல் பயணத்தில் சென்னையை விட்டுவிடுங்கள்.

திருச்சியில் 3 இரவு. ஸ்ரீரங்கம், சமயபுரம், மலைக்கோட்டை மூன்றும் கிட்டக் கிட்ட. நம் தோட்டங்களில் மாரியம்மன் கோயில் இல்லாத டிவிஷன் இல்லை. சமயபுரத்தில் போய் நிற்கும்போது வயதானவர்கள் முகத்தைப் பாருங்கள், அந்தக் கோயிலுக்கு அவசரம் காட்டாதீர்கள். மலைக்கோட்டையில் படி அதிகம், முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே மாணிக்க விநாயகரோடு நின்றுகொள்ளலாம். தஞ்சாவூர் சுமார் 60 கிலோமீட்டர், காலையில் போய் மாலையில் திரும்பலாம். இராஜராஜ சோழன் 1010ஆம் ஆண்டில் முடித்த பெரிய கோயிலைப் பார்க்க மாலை 4 மணிக்குப் பிறகுதான் நல்ல நேரம். மத்தியானம் நடை சாத்தியிருக்கும், கருங்கல் தரையும் வெறுங்காலைச் சுடும். குழுவில் கிறிஸ்தவர்கள் இருந்தால் இந்த நாளையே நீட்டி வேளாங்கண்ணி வரை போகலாம், அப்போது அதிகாலையிலேயே கிளம்பவேண்டும்.

அடுத்து பழனி, 1 இரவு. திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக சுமார் 160 கிலோமீட்டர். படி ஏற முடியாதவர்களுக்கு விஞ்ச் என்று சொல்கிற இழுவை ரயிலும் ரோப் காரும் உண்டு. பராமரிப்புக்காக இவற்றை அவ்வப்போது நிறுத்துவார்கள், போகும் வாரத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பிறகு மதுரை 2 இரவு, இராமேஸ்வரம் 1 இரவு, கடைசி இரவு மறுபடியும் மதுரை. மதுரைக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே சுமார் 170 கிலோமீட்டர். அன்றே போய்த் திரும்பலாம் என்று வேன்காரர்கள் சொல்வார்கள். இராமேஸ்வரத்தில் 22 தீர்த்தங்களில் நீராடிவிட்டு, ஈரம் மாற்றிக் கும்பிட்டுவிட்டு, அப்படியே ஏறி உட்கார்ந்து வருவது வயதானவர்களுக்குச் சித்திரவதை. ஓர் இரவு தங்குங்கள்.

தங்குவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மறுநாள் காலையில் தனுஷ்கோடிக்குப் போகவேண்டும். 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியது. மண்டபம் முகாமில் நிறுத்தி மருத்துவப் பரிசோதனை செய்து, அந்தக் கப்பலில்தான் தோட்ட வேலைக்கு வந்த நம் ஆட்களை ஏற்றினார்கள். அதற்கு முந்தைய தலைமுறை தோணியில் மன்னாருக்கு வந்து, காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே கையெழுத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தால் பிறகு திரும்பிப் போனவர்களும் தலைமன்னார் வழியாகத்தான் இராமேஸ்வரத்தில் போய் இறங்கினார்கள். கிளம்பும் முன்பே பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிவையுங்கள். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் நின்றால் இரண்டு பக்கமும் கடல்தான் தெரியும். கதை தெரியாத பிள்ளை அங்கே செல்பி எடுக்கும், கதை தெரிந்த பிள்ளை தாத்தாவிடம் கேள்வி கேட்கும்.

ஊட்டி? "நாங்கள் நுவரெலியாவில் பார்க்காத தேயிலையா?" என்று கேட்கிறவர்கள் சொல்வது சரிதான். காட்சிக்காகப் போகவேண்டாம். ஆனால் ஒப்பந்தத்தில் போன குடும்பங்கள் பல நீலகிரியில், கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் குடியேறின. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயை உருவாக்கினார்கள். அங்கே சித்தப்பாவோ அத்தையோ இருந்தால் இராமேஸ்வரத்தைக் கூட விட்டுவிட்டு நீலகிரிக்குப் போங்கள். கோயில் எப்போதும் இருக்கும், அத்தை இருக்கமாட்டார். நீலகிரிக்குள் நுழையும் வண்டிகளுக்கு இணையத்தில் இ-பாஸ் எடுக்கவேண்டும், வேன்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஐந்தாம் படி: பூர்வீக ஊருக்கு ஒரு நாள்

திருச்சியில் 3 இரவு என்று சொன்னதற்குக் காரணமே இதுதான். நம்மவர்களில் நிறையப் பேரின் வேர் பழைய திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் ஜில்லாக்களில் இருக்கிறது. வீட்டில் தகரப் பெட்டிக்குள் கிடக்கும் பழைய காகிதங்களை எடுங்கள். பாட்டனின் குடியுரிமை விண்ணப்பம், இந்தியப் பாஸ்போர்ட், யாரோ எழுதிய கடித உறை, எதுவாக இருந்தாலும் சரி. அதில் கிராமம், தாலுகா, ஜில்லா இருக்கும்.

அங்கே ஒரு குழப்பம் வரும். காகிதத்தில் உள்ள ஜில்லா இன்று அதே பெயரில் இருக்காது. பழைய திருச்சி ஜில்லாவிலிருந்து புதுக்கோட்டை, கரூர், பெரம்பலூர், அரியலூர் பிரிந்தன. சேலத்திலிருந்து தர்மபுரியும் நாமக்கல்லும், மதுரையிலிருந்து திண்டுக்கல்லும் தேனியும், இராமநாதபுரத்திலிருந்து சிவகங்கையும் விருதுநகரும் பிரிந்தன. அதனால் தாலுகா பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். முசிறி, துறையூர் போன்ற தாலுகாக்கள் இன்றும் அதே பெயரில் இருக்கின்றன. கிராமத்தின் பெயரில் வேறு ஊர்களும் இருக்கலாம். தாலுகாவையும் சேர்த்துத் தேடினால்தான் சரியான ஊர் கிடைக்கும்.

காகிதம் இல்லாவிட்டால் பாட்டியிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: குலதெய்வம் எது, பக்கத்து ஊர் எது, பங்காளிகளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஊருக்குள் போய் இறங்கினதும் கிராம நிர்வாக அலுவலகத்தைத் தேடவேண்டாம். டீக்கடையிலோ கோயில் திண்ணையிலோ இருக்கிற பெரியவரிடம், "ஐயா, நாங்க கண்டிச் சீமையிலிருந்து வர்றோம்" என்று சொல்லுங்கள். நம் மலையகத்துக்கு அவர்கள் வைத்த பழைய பெயர் அது, அந்த வார்த்தை அங்கே இன்னும் செல்லும். "யார் வகையறா?" என்பதுதான் அடுத்த கேள்வி. குலதெய்வத்தின் பெயரைச் சொன்னதும், அவரே எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, முன்னால் நடக்கத் தொடங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு எச்சரிக்கை. சொந்தம் கிடைத்தால் நிலம், பங்கு பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. நீங்கள் அதற்காக வந்திருக்கிறீர்கள் என்று அவர்கள் நினைத்தால் அத்தோடு உறவு முடிந்தது. இரண்டாவது, எவ்வளவு வற்புறுத்தினாலும் முதல் தடவையில் அங்கே இரவு தங்கவேண்டாம். வெளிநாட்டவர் ஒரு வீட்டில் தங்கினாலும் வீட்டுக்காரர் அரசாங்கத்துக்குத் தகவல் பதிவு செய்யவேண்டும். அந்தத் தொல்லையை அவர்களுக்குக் கொடுக்காமல் மாலையில் லாட்ஜுக்குத் திரும்பிவிடுங்கள்.

ஆறாம் படி: காசு

செலவை இரண்டாகப் பிரியுங்கள். விமானம், விசா, வேன், அறை, கூட்டுச் சாப்பாடு எல்லாம் பொதுப் பங்கு. சேலை, பாத்திரம், அர்ச்சனை, இடைத் தீனி அவரவர் கைக்காசு. பிள்ளைக்கு அரைப் பங்கா முழுப் பங்கா என்பதை முதல் ரூபாய் வாங்கும் முன் முடிவு செய்யுங்கள். கட்டிய பிறகு ஒருவர் வராமல் நின்றால் எவ்வளவு திருப்பிக் கொடுப்பது என்பதையும் எழுதி எல்லோரிடமும் கையொப்பம் வாங்குங்கள். சாவு வீடு, பிரசவம், ஆஸ்பத்திரி எதுவும் நடக்கலாம். அப்போது பேசினால் மனக்கசப்புத்தான் மிஞ்சும்.

சீட்டுப் பிடிப்பதுபோல மாதா மாதம் சேர்ப்பது நமக்குப் பழக்கமான வழி. 6 மாதச் சீட்டாக வைத்து, யாருக்கும் இடையில் கொடுக்காமல், இரண்டு பேர் கையெழுத்துப் போடும் வங்கிக் கணக்கில் போட்டுவையுங்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை அவசரத்துக்கு ஒதுக்குங்கள்.

இலங்கை ரூபாயைத் தமிழ்நாட்டில் மாற்றுவது சிரமம். வங்கியில் அல்லது அனுமதி பெற்ற நாணய மாற்றுநரிடம் டொலராக வாங்கிக்கொண்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அங்கே எல்லாக் கடையிலும் போனைக் காட்டிக் காசு கட்டுவார்கள். அந்த வசதி நமக்குச் சுலபத்தில் கிடைக்காது, சில்லறை நோட்டு கையில் இருக்கவேண்டும். ஓர் இந்திய ரூபாய் நம் காசில் மூன்று ரூபாய்க்கு மேல் என்பதைப் பெரியவர்களுக்கு நன்றாகச் சொல்லிக்கொடுங்கள். விலைப் பட்டியைப் பார்த்து "மலிவு, மலிவு" என்று வாங்கிவிட்டு ரூமுக்கு வந்து கணக்குப் பார்த்துத் திகைப்பார்கள்.

ஏழாம் படி: டிக்கட்டும் விசாவும்

விமான டிக்கட்டை 2, 3 மாதத்துக்கு முன் எடுங்கள். 10 பேர் அல்லது அதற்கு மேல் என்றால் பெரும்பாலான விமான நிறுவனங்கள் குழுவாக எடுத்துத் தனி விலை சொல்லும். அது எப்போதும் மலிவு என்று நம்பவேண்டாம். இணையத்தில் ஓர் ஆளுக்குத் தேடிப் பாருங்கள், பிறகு 4 பேருக்குத் தேடிப் பாருங்கள். மலிவு விலையில் 3 இருக்கைதான் மிச்சம் என்றால், 4 பேருக்குத் தேடும்போது நான்குக்கும் கூடின விலையைத்தான் காட்டும். சின்னச் சின்னத் தொகுதியாக எடுப்பது சில நேரம் இலாபம். பெயரை அடையாள அட்டையைப் பார்த்து எழுதாதீர்கள், கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள்.

இணையத்தில் எடுக்கும் இந்திய விசாவான இ-விசா திருச்சி, மதுரை, சென்னை மூன்று விமான நிலையங்களிலும் செல்லும். 30 நாள், 1 வருடம், 5 வருடம் என்று சுற்றுலா விசா உண்டு. 30 நாள் விசாவுக்கு, போகும் திகதிக்கு முந்தைய 30 நாளுக்குள்தான் விண்ணப்பிக்கலாம். குறைந்தது 4 நாளுக்கு முன் விண்ணப்பிக்கவேண்டும் என்பது விதி, நீங்கள் 2 வாரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். இந்திய அரசின் இணையதளத்தின் முகவரி கடைசியில் 'கவ் டொட் இன்' என்று முடியும். அதேபோன்ற தோற்றத்தில் தனியார் தளங்கள் பல இருக்கின்றன, தேடினால் அவைதான் மேலே வரும், கட்டணம் பல மடங்கு. கட்டிய காசு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் திரும்பி வராது. போட்டோ வெள்ளைப் பின்னணியில், சதுரமாக இருக்கவேண்டும். கிடைத்த அனுமதியை ஆளுக்கு 2 பிரதி அச்சடியுங்கள். இதுபோக, இந்தியாவில் இறங்கும் முன் 72 மணித்தியாலத்துக்குள் வருகை அட்டையையும் இணையத்தில் நிரப்பவேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை.

ரயிலை நம்பிக் குழுப் பயணம் போடவேண்டாம் என்பது என் எண்ணம். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், நல்ல ரயில்களில் சீக்கிரம் நிரம்பிவிடும். கடைசி நேரத் தட்கல் டிக்கட்டை இணையத்தில் எடுக்க இப்போது ஆதார் என்ற இந்திய அடையாள எண் தேவை, அது நம்மிடம் இல்லை. பிள்ளைகளுக்குப் பாம்பன் பாலத்தைக் காட்டவேண்டும் என்றால் மதுரையிலிருந்து இராமேஸ்வரத்துக்கு மட்டும் ரயில் எடுங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் ஓடுகிறது.

எட்டாம் படி: அறையும் வேனும்

இந்தியாவில் வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் லாட்ஜ், 24 மணித்தியாலத்துக்குள் 'சி படிவம்' என்று வழக்கமாகச் சொல்கிற, தங்குகிறவரின் விவரப் பதிவைச் செய்யவேண்டும். சின்ன லாட்ஜ்களுக்கு அந்தப் பழக்கம் இருக்காது. இலங்கைக் கடவுச்சீட்டு என்றதும் "ரூம் இல்லைங்க" என்று சொல்லிவிடுவார்கள். இரவு 9 மணிக்கு, பைகளோடு, தூங்கி வழிகிற பிள்ளைகளோடு அந்தப் பதிலைக் கேட்பது கொடுமை. அதனால் காசு கட்டும் முன் போனில் நேரடியாகக் கேளுங்கள்: "நாங்கள் இலங்கைக் கடவுச்சீட்டில் 12 பேர் வருகிறோம், சி படிவம் போடுவீர்களா?" ஆம் என்றால் அதை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.

ஒவ்வொருவரின் கடவுச்சீட்டுப் பக்கம், விசா, வருகை முத்திரை ஆகியவற்றின் பிரதிகளை ஊருக்கு ஒரு கட்டாக, நான்கு கட்டு தயாராக வையுங்கள். முத்திரைப் பக்கத்தைத் திருச்சியில் இறங்கினதும் எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். கட்டைக் கொடுத்தால் கால் மணித்தியாலத்தில் சாவி கையில். இல்லையென்றால் பன்னிரண்டு கடவுச்சீட்டையும் ஒருவர் ஒவ்வொன்றாக விரித்துப் பிரதி எடுக்கும்வரை எல்லோரும் சோபாவில் தூங்கவேண்டியதுதான். கீழ்த்தளம் அல்லது லிப்ட், மேற்கத்திய டொய்லெட், சுடுதண்ணீர், இந்த மூன்றையும் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

வேன் வாடகையில் தெரிந்துகொள்ளவேண்டியது ஒன்று. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று சொல்வார்கள், ஆனால் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 அல்லது 300 கிலோமீட்டர் என்று கணக்கிடுவார்கள். நீங்கள் மதுரைக்குள் 20 கிலோமீட்டர் ஓடினாலும் அந்தக் காசுதான். நான் சொன்ன வழியில் ஊர் விட்டு ஊர் ஓடுகிற தூரம் தஞ்சாவூரையும் சேர்த்து சுமார் 740 கிலோமீட்டர், பூர்வீக ஊருக்குப் போகிற தூரம் தனி. ஸ்ரீரங்கம், சமயபுரம் சுற்றும் நாளிலும் மதுரையில் நிற்கும் நாளிலும் வேனை விட்டுவிட்டு ஆட்டோவில் போனால் நிறைய மிச்சம். டிரைவருக்குக் கொடுக்கும் நாள்படியான பேட்டா, பாதைச் சுங்கக் கட்டணம், பார்க்கிங் எல்லாம் வாடகைக்குள்ளா வெளியிலா என்று எழுதி வாங்குங்கள். டிரைவரை அண்ணே என்று கூப்பிட்டுக் கூடவே உட்காரவைத்துச் சாப்பிடுங்கள். எந்தக் கடையில் சாப்பாடு நல்லது, எந்த வாசலில் கூட்டம் குறைவு என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

ஒன்பதாம் படி: பை கட்டுவது

பிரஷர், சீனி மாத்திரைகளைப் பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, மருந்துத் துண்டோடு, கையில் கொண்டுபோகும் பையில் வையுங்கள். ஜீவனி பக்கெட், பெனடோல், சித்தாலேப பொதுப் பையில். குளிர் உடுப்புகளை வீட்டிலேயே விட்டுவிட்டு பருத்தித் துணி எடுங்கள். நம் சதுர முள் பிளக் அங்கே சேராது, இரண்டு அடாப்டர் போதும். நேரம் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான்.

நகையைக் குறையுங்கள். தாலியும் சின்னத் தோடும் போதும். கழுத்து நிறையப் போட்டுக்கொண்டு போய்ச் சுங்கத்தில் விளக்கம் சொல்வது தேவையில்லாத வேலை. சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கத் தேயிலை எடுங்கள். போகும்போது பாதிப் பையைக் காலியாக வையுங்கள். வரும்போது சேலையும் எவர்சில்வர் பாத்திரமும் அதை நிரப்பும். டிக்கட்டில் எத்தனை கிலோ என்று எல்லோருக்கும் எழுதிக் கொடுங்கள்.

கட்டுநாயக்கவுக்கு 3 மணித்தியாலத்துக்கு முன் போய்ச் சேரவேண்டும். ஹட்டனிலிருந்து கினிகத்தேன, அவிசாவளை வழியாக வரும்போது மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை அடைபடலாம். காலை விமானம் என்றால் முந்தின நாளே இறங்கி நீர்கொழும்புப் பக்கம் தங்கிவிடுங்கள்.

பத்தாம் படி: அங்கே நடமாட்டம்

காலை 6 மணி முதல் 11 மணி வரை ஒரு கோயில், மத்தியானம் தூக்கம், மாலை 4 மணிக்குப் பிறகு இன்னொன்று. பெரும்பாலான கோயில்களில் மத்தியானம் நடை சாத்துவதால் இந்த அட்டவணை தானாகவே அமைந்துவிடும்.

மதுரை மீனாட்சி அம்மன் கோயிலிலும் பழனியிலும் போன் கொண்டுபோக முடியாது. மீனாட்சி கோயிலில் 14 கோபுரம், நான்கு பக்கமும் வாசல், உள்ளே எல்லாத் தூணும் ஒன்றுபோல இருக்கும். பிரிந்துவிட்டால் போன் பண்ணித் தேட வழியில்லை. உள்ளே போகும் முன் எல்லோரையும் நிற்கவைத்து, "இது கிழக்குக் கோபுரம், செருப்பு வைத்த இடம் இதுதான், யார் தவறினாலும் இங்கே வந்து உட்காருங்கள்" என்று சொல்லுங்கள். பெரியவர்களைத் திரும்பச் சொல்லவையுங்கள். ஒவ்வொரு பெரியவருக்கும் ஓர் இளையவரைச் சோடியாக்கி, அந்தச் சோடியைப் பயணம் முழுக்க மாற்றாதீர்கள். லாட்ஜின் பெயரும் போன் நம்பரும் எழுதிய அட்டை ஒன்று எல்லோர் மடியிலும் சட்டைப் பையிலும் இருக்கட்டும்.

இராமேஸ்வரத்தில் தீர்த்தமாடும் தரை வழுக்கும். ஈர உடுப்போடு மூலவரைக் கும்பிட விடமாட்டார்கள், மாற்று உடுப்பைக் கையிலேயே கொண்டுபோங்கள். மூட்டு வலி உள்ளவர்கள் 22 தீர்த்தமும் ஆடவேண்டும் என்று அடம் பிடிப்பார்கள். கடலில் கால் நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டாலே போதும் என்று அன்பாகச் சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டால் இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு போங்கள்.

கணக்கு வைத்திருப்பவர் ஒவ்வொரு இரவும் அன்றைய செலவைச் சத்தமாக வாசிக்கவேண்டும். 5 நிமிட வேலைதான். 12 பேரின் காசு ஒருவர் கையில் இருக்கும்போது அந்த 5 நிமிடம் அவருக்கே பாதுகாப்பு.

திரும்பிய பிறகு

கட்டுநாயக்கவில் இரவு வந்து இறங்கினால் அப்படியே மலை ஏறவேண்டாம். டிரைவரும் களைத்திருப்பார், பாதையில் பனிமூட்டமும் இருக்கும். விடியும்வரை தங்கிவிட்டு வாருங்கள். பூர்வீக ஊரில் வாங்கிய போன் நம்பர்களை எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, அங்கே எடுத்த படங்களை அச்சடித்து அந்தக் குடும்பத்துக்கும் ஒரு தொகுதி தபாலில் அனுப்புங்கள். ஒரு வாரத்துக்குள் கடைசிக் கூட்டத்தைக் கூட்டி, பில்களை மேசையில் வைத்து, அவசரத்துக்கு ஒதுக்கியதில் மிஞ்சிய காசைப் பங்கு பங்காகப் பிரித்துக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.